மருத்துவ மாநாட்டுப் படவில்லைகள்

மருத்துவ மாநாட்டுப் படவில்லைகள் என்பவை மருத்துவ மாநாடுகளில் உரையாற்றுவோர் ஆய்வு முடிவுகள், நோயாளர் விபரங்கள், சிகிச்சை முறைகள் முதலியவற்றைத் தம் பேச்சுடன் இணைத்துத் திரையில் காட்டும் பக்கங்கள் ஆகும். படவில்லை என்பது வில்லை, நழுவம், ஸ்லைடு ஆகிய பெயர்களாலும் வழங்கப்படுகிறது. முற்காலத்தில் கண்ணாடியிலும் ஒளிப்படச் சுருளிலும் செய்யப்பட்ட இவை, இன்று பெரும்பாலும் பவர்பாயிண்ட் போன்ற மென்பொருள்களின் உதவியுடன் கணினியில் ஆக்கப்படுகின்றன.

மருத்துவ மாநாட்டில் கூடியிருப்போர், தாம் கண்டதையும் கேட்டதையும் கொண்டு தம் நோயாளருக்கு அளிக்கும் சிகிச்சையை மாற்றிக்கொள்ளக் கூடியவர்கள். எனவே இப்படவில்லைகளுக்கு இரு கடமைகள் உள்ளன. ஒன்று, சில விநாடிகளில் புரியும்படி இருத்தல். மற்றொன்று, கூறப்படும் முடிவு எவ்வளவு பெரியது, எவ்வளவு உறுதியானது என்பதை அவையோர் தாமே எடைபோடத் தேவையான எண்களைக் கொண்டிருத்தல். முதற் கடமையை நிறைவேற்றி இரண்டாவதைக் கைவிடும் படவில்லை அழகாக இருந்தும் தவறான முடிவுக்கு இட்டுச் செல்லக்கூடும்.

வரலாறு

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கண்ணாடி வில்லைகளை விளக்கொளியில் பெருக்கிக் காட்டும் கருவிகள் மருத்துவக் கல்வியில் பயன்படுத்தப்பட்டன. 20ஆம் நூற்றாண்டில் 35 மி.மீ. ஒளிப்படச் சுருளில் செய்த சிறு வில்லைகள் அவற்றின் இடத்தைப் பிடித்தன. 1960களின் தொடக்கத்தில் கோடாக் நிறுவனம் வெளியிட்ட கேரோசல் என்னும் சுழல்தட்டுக் கருவி மாநாட்டு அரங்குகளில் பரவலாகியது. அதன் வழக்கமான வட்டத் தட்டில் 80 வில்லைகளை அடுக்க முடிந்தது. பெரிய மருத்துவக் கல்லூரிகளில் வில்லைகளை வரைந்து ஒளிப்படமாக்கித் தருவதற்கெனத் தனிப் பிரிவுகள் இயங்கின. ஒரு வில்லையை ஆக்கச் செலவும் நாட்களும் ஆனமையால், எதைக் காட்டுவது என்பதை உரையாளர் முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டியிருந்தது.

ராபர்ட் காஸ்கின்ஸ், டெனிஸ் ஆஸ்டின் ஆகியோர் ஃபோர்தாட் என்னும் நிறுவனத்தில் உருவாக்கிய பவர்பாயிண்ட் மென்பொருள் 1987இல் மெக்கின்டாஷ் கணினிக்கு வெளியானது. அதே ஆண்டில் மைக்ரோசாஃப்ட் அந்நிறுவனத்தை விலைக்கு வாங்கியது. 1990இல் விண்டோஸ் பதிப்பு வந்தது. கணினியுடன் இணையும் ஒளிவீழ்த்திகள் பரவியபின் சுருள் வில்லைகள் வழக்கொழிந்தன. கோடாக் 2004இல் வில்லைக் கருவிகளின் உற்பத்தியை நிறுத்தியது.

இம்மாற்றத்தால் படவில்லை ஆக்கும் பணி உரையாளரின் கைக்கே வந்தது. திருத்துவது எளிதாயிற்று. அதே வேளையில், எவ்வளவு எழுதினாலும் கூடுதல் செலவில்லை என்பதால் ஒரு பக்கத்தில் அடைக்கப்படும் செய்தியின் அளவும் கூடிற்று.

அறிதற்சுமை

ஆத்திரேலியக் கல்வி உளவியலாளர் ஜான் சுவெல்லர் 1988இல் முன்வைத்த அறிதற்சுமைக் கோட்பாட்டின்படி, மனிதரின் செயல்படு நினைவகம் ஒரே நேரத்தில் மிகக் குறைந்த செய்திகளையே கையாளும். தேவையற்ற செய்திகள் அவ்விடத்தை நிரப்பினால் தேவையானவை நினைவில் பதிவதில்லை. அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்டு மேயர், சொல்லும் படமும் சேர்ந்த கற்பித்தலைப் பல சோதனைகளில் ஆராய்ந்து பின்வருவன போன்ற நெறிகளை வகுத்தார்.

• தொடர்பற்ற படம், ஒலி, சொல் ஆகியவற்றை நீக்கினால் கற்றல் மேம்படும்.
• படத்திற்குரிய சொற்களைப் படத்தின் அருகிலேயே இடவேண்டும்.
• பேசப்படும் வாக்கியங்களையே திரையிலும் முழுமையாக எழுதுவது கற்றலுக்கு இடையூறாகும்.
• முதன்மையான பகுதியை அம்புக்குறி, நிறம் முதலியவற்றால் சுட்டிக்காட்டுதல் உதவும்.

மூன்றாவது நெறி மாநாடுகளில் அடிக்கடி மீறப்படுவது. திரையில் உள்ளதைக் கண் படிக்கும் வேகமும் உரையாளர் வாசிக்கும் வேகமும் வேறுபடுவதால், அவையோர் ஒன்றைப் படித்துக்கொண்டே மற்றொன்றைக் கேட்க நேரிடுகிறது.

இந்நெறிகள் மருத்துவ மாணவரிடமும் சோதிக்கப்பட்டுள்ளன. அமெரிக்காவில் மூன்றாம் ஆண்டு மருத்துவ மாணவருக்கு, ஷாக் எனப்படும் சுற்றோட்ட அதிர்ச்சி பற்றிய ஒரே விரிவுரை வழக்கமான படவில்லைகளுடனும், மேயரின் நெறிகளின்படி மாற்றப்பட்ட படவில்லைகளுடனும் நடத்தப்பட்டது. 2011இல் வெளியான அவ்வாய்வில், மாற்றப்பட்டவற்றைக் கண்ட மாணவர்களே பாடத்தை நன்கு நினைவில் வைத்திருந்தனர்.

முடிவைக் கூறும் தலைப்பு

பெரும்பாலான படவில்லைகளின் தலைப்புகள் "முன்னுரை", "முறைகள்", "முடிவுகள்" என்றவாறு அமைகின்றன. இவை எதைப் பற்றிய பக்கம் என்பதைச் சொல்கின்றனவேயன்றி, அப்பக்கம் என்ன சொல்கிறது என்பதைச் சொல்வதில்லை. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் அறிவியல் எழுத்துக் கலையைக் கற்பித்த மைக்கேல் ஆலி, தலைப்பு ஒரு முழு வாக்கியமாக இருக்க வேண்டும் என்றும், அதன் கீழே புள்ளியிட்ட பட்டியலுக்கு மாற்றாக அவ்வாக்கியத்திற்குரிய சான்று படமாக இடம்பெற வேண்டும் என்றும் பரிந்துரைத்தார். இது கூற்று-சான்று அமைப்பு எனப்படுகிறது.

இவ்வமைப்பில் ஒரு நடைமுறை நன்மையும் உண்டு. ஒரு பக்கத்தின் முடிவை ஒரே வாக்கியத்தில் எழுத இயலவில்லை எனில், அப்பக்கத்தில் இரண்டு கருத்துகள் கலந்துள்ளன, அல்லது கருத்தே இல்லை என்பதை உரையாளர் தயாரிப்பின்போதே அறிந்துகொள்கிறார்.

எடுத்துக்காட்டு: 1994ஆம் ஆண்டு சிம்வாஸ்டாட்டின் ஆய்வு

ஸ்காண்டிநேவிய சிம்வாஸ்டாட்டின் உயிர்பிழைப்பு ஆய்வு 1994 நவம்பரில் லான்செட் இதழில் வெளியானது. டென்மார்க், பின்லாந்து, ஐஸ்லாந்து, நோர்வே, சுவீடன் ஆகிய நாடுகளில், மார்பு நெரிப்பு உடையவர்களும் முன்னர் மாரடைப்பு ஏற்பட்டவர்களுமாகிய 4444 பேர் இதில் பங்கேற்றனர். இவர்களது இரத்தக் கொழுப்பு மிகுந்திருந்தது. இவர்கள் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவினருக்கு சிம்வாஸ்டாட்டின் மருந்தும் மற்றக் குழுவினருக்கு மருந்துப்போலியும் அளிக்கப்பட்டன. இடைநிலைக் கண்காணிப்புக் காலம் 5.4 ஆண்டுகள்.

இவ்வாய்வின் முதன்மை முடிவுகள் வருமாறு:

• எல்லாக் காரணங்களாலும் இறந்தோர்: மருந்துப்போலிக் குழுவில் 2223 பேரில் 256 பேர், சிம்வாஸ்டாட்டின் குழுவில் 2221 பேரில் 182 பேர்.
• இதயத் தமனி நோயால் இறந்தோர்: முறையே 189, 111.
• இதயக் குருதிக்குழாய் நோய்கள் அல்லாத காரணங்களால் இறந்தோர்: முறையே 49, 46.
• ஒப்பீட்டு இறப்பு இடர்: 0.70. அதன் 95 விழுக்காட்டு நம்பிக்கை இடைவெளி 0.58 முதல் 0.85 வரை.

இவ்வாய்வை ஒரே படவில்லையில் காட்ட வேண்டுமெனில், வழக்கமான தயாரிப்பில் "முடிவுகள்" என்ற தலைப்பின்கீழ் இந்த எண்களுடன் மொத்தக் கொழுப்பு, தீய கொழுப்பு, நல்ல கொழுப்பு, மாரடைப்பு, பக்க விளைவுகள் முதலிய பல வரிகளும் சேர்ந்து ஓர் அட்டவணையாக வந்துவிடும். அதில் எந்த வரி முதன்மையானது என்பது அவையோருக்குத் தெரியாது.

கூற்று-சான்று அமைப்பில் அதே பக்கத்தின் தலைப்பு, "இதயநோயாளரிடையே சிம்வாஸ்டாட்டின் இறப்பை 12 விழுக்காட்டிலிருந்து 8 விழுக்காடாகக் குறைத்தது" என்று அமையலாம். அதன் கீழே இரு உயிர்பிழைப்பு வரைகோடுகள் வரும். ஒவ்வொரு கோட்டின் முனையிலும் குழுவின் பெயரும், இறந்தோர் எண்ணிக்கையும், மொத்த எண்ணிக்கையும் எழுதப்படும். ஒரு மூலையில் கண்காணிப்புக் காலமும் நம்பிக்கை இடைவெளியும் சிறிய, ஆனால் படிக்கத்தக்க எழுத்தில் இடம்பெறும்.

எந்த எண்ணை விடுவது, எதை வைத்துக்கொள்வது என்பது அழகியல் சார்ந்த முடிவன்று. கொழுப்பைக் குறைக்கும் சிகிச்சை இதய இறப்பைக் குறைத்தாலும் பிற காரணங்களால் ஏற்படும் இறப்பைக் கூட்டிவிடுமோ என்ற ஐயம் அக்காலத்தில் மருத்துவரிடையே வலுவாக இருந்தது. எனவே 49, 46 என்ற இரு சிறிய எண்கள் அவையோரின் மனத்தில் எழும் முதல் வினாவுக்கு நேரடி விடையாகும். அவற்றை இடமில்லை என்று நீக்குவது படவில்லையைத் தெளிவாக்குவதில்லை; பொருளற்றதாக்கிவிடும். மாறாக, நல்ல கொழுப்பு எவ்வளவு உயர்ந்தது என்ற வரியை அப்பக்கத்திலிருந்து நீக்கினால் இழப்பேதும் இல்லை.

இடரை எண்களால் கூறுதல்

மேற்கண்ட ஆய்வின் ஒரே முடிவைப் பல வகையில் கூறலாம்.

• ஒப்பீட்டு அளவில்: இறப்பு இடர் 30 விழுக்காடு குறைந்தது.
• தனி அளவில்: இறந்தோர் விகிதம் 11.5 விழுக்காட்டிலிருந்து 8.2 விழுக்காடாக, அதாவது 3.3 விழுக்காட்டுப் புள்ளிகள் குறைந்தது.
• நோயாளர் எண்ணிக்கையில்: ஏறத்தாழ 30 பேருக்கு ஐந்தாண்டுகளுக்குச் சற்று மேல் சிகிச்சை அளித்தால் ஒருவரின் இறப்பு தவிர்க்கப்படும்.

இவை மூன்றும் உண்மையே. எனினும் முதலாவது மட்டும் திரையில் வந்தால், 100 பேரில் 30 பேர் காப்பாற்றப்பட்டதாக அவையோர் எண்ணக்கூடும். எனவே ஒப்பீட்டு அளவைக் காட்டும் இடத்தில் தனி அளவையும் சேர்த்துக் காட்டுதல் நல்ல மரபாகக் கருதப்படுகிறது.

ஒப்பீட்டு அளவு தனித்து நின்றால் என்ன நேரும் என்பதற்கு, மாநாட்டு அரங்கிற்கு வெளியே நிகழ்ந்த ஒன்று பெரிதும் எடுத்துக்காட்டப்படுகிறது. 1995 அக்டோபரில் பிரித்தானியாவின் மருந்துப் பாதுகாப்புக் குழு, மூன்றாம் தலைமுறைக் கருத்தடை மாத்திரைகள் குருதி உறைகட்டி ஏற்படும் இடரை இரு மடங்காக்குகின்றன என எச்சரித்தது. தனி அளவில் இவ்வுயர்வு ஏறத்தாழ 7000 பெண்களில் ஒருவர் என்பதிலிருந்து 7000 பெண்களில் இருவர் என்பதாகும். "இரு மடங்கு" என்ற சொல்லைக் கேட்ட பல பெண்கள் மாத்திரையை நிறுத்தினர். அடுத்த ஆண்டில் இங்கிலாந்திலும் வேல்சிலும் சுமார் 13,000 கருக்கலைப்புகள் கூடுதலாக நிகழ்ந்தன என மதிப்பிடப்படுகிறது. கருவுறுதலும் குருதி உறைகட்டியின் இடரைக் கூட்டும் ஒரு நிலையே என்பது இதில் கவனிக்கத்தக்கது.

வரைபடங்கள்

வரைபடத்தின் அச்சு தொடங்கும் இடம் முடிவின் தோற்றத்தை மாற்றவல்லது. மேற்கண்ட ஆய்வில் ஆறாண்டுகள் உயிர்வாழும் வாய்ப்பு மருந்துப்போலிக் குழுவில் 87.6 விழுக்காடு, சிம்வாஸ்டாட்டின் குழுவில் 91.3 விழுக்காடு. இதனைப் பட்டை வரைபடமாக வரைந்து செங்குத்து அச்சை 85இல் தொடங்கினால், ஒரு பட்டையின் உயரம் 2.6 அலகுகளாகவும் மற்றதன் உயரம் 6.3 அலகுகளாகவும் அமையும். ஒன்று மற்றதைவிட இரு மடங்கிற்கும் மேல் உயர்ந்து தோன்றும். அச்சைச் சுழியத்தில் தொடங்கினால் இரு பட்டைகளும் ஏறக்குறைய சமமாகத் தெரியும். பட்டையின் நீளமே அளவைக் குறிப்பதால், பட்டை வரைபடத்தின் அச்சு சுழியத்திலிருந்தே தொடங்க வேண்டும் என்பது பொதுவிதி. கோட்டு வரைபடங்களில் அச்சைச் சுருக்குவது ஏற்கப்படுகிறது. அவ்வாறு சுருக்கினால் அதனைப் பேச்சிலும் குறிப்பிடுதல் முறையாகும்.

வரைபடங்களைப் பொறுத்தவரை பின்வருவனவும் பரிந்துரைக்கப்படுகின்றன.

• முப்பரிமாணப் பட்டைகளைத் தவிர்த்தல். அவற்றின் உச்சி அச்சில் எந்த எண்ணுக்கு நேராக உள்ளது என்பதைக் கணிப்பது கடினம்.
• நிறக்குறிப்புப் பெட்டியைத் தனியே வைக்காமல் ஒவ்வொரு கோட்டின் அருகிலும் அதன் பெயரை எழுதுதல்.
• உயிர்பிழைப்பு வரைகோட்டின் கீழே, ஒவ்வொரு காலகட்டத்திலும் எஞ்சியிருந்த நோயாளர் எண்ணிக்கையைத் தருதல். வலப்புற முனையில் மிகச் சிலரே எஞ்சியிருந்தால் அப்பகுதி நம்பத்தக்கதன்று.
• பி மதிப்புடன் நிறுத்திக்கொள்ளாது, விளைவின் அளவையும் நம்பிக்கை இடைவெளியையும் காட்டுதல்.
• இதழில் அச்சான அட்டவணையை அப்படியே ஒட்டாமல், பேசப்போகும் வரிகளை மட்டும் எடுத்துப் புதிதாக அமைத்தல்.

இதழில் வரும் அட்டவணையை வாசகர் தம் விருப்பம்போல் நேரமெடுத்துப் படிக்கலாம், முன்பக்கம் திரும்பலாம். மாநாட்டுத் திரையில் இவ்விரண்டும் இயலா. "இவ்வட்டவணை தெளிவாக இராது, மன்னிக்கவும்" என்று உரையாளர் கூற நேரிடும் படவில்லை, காட்டப்பட்டிருக்க வேண்டாத படவில்லை எனலாம்.

எழுத்தின் அளவு

படவில்லையில் 24 புள்ளிக்குக் குறைந்த எழுத்து வேண்டாம் என்று பல வழிகாட்டிகள் கூறுகின்றன. இதற்கான காரணத்தைக் கண் மருத்துவ அளவுகளைக் கொண்டே கணக்கிடலாம். ஹெர்மன் சுனெல்லன் 1862இல் வெளியிட்ட கண் பரிசோதனை அட்டையின்படி, 6/6 பார்வை உடையவர் கண்ணில் 5 கலை கோணம் அமைக்கும் உயரமுள்ள எழுத்தைப் படிக்க வல்லவர். ஒரு கலை என்பது ஒரு பாகையின் 60இல் ஒரு பங்கு.

பவர்பாயிண்ட் பக்கத்தின் வழக்கமான உயரம் 7.5 அங்குலம், அதாவது 540 புள்ளிகள். திரையின் உயரம் 2 மீட்டர் எனில் 24 புள்ளி எழுத்துக்குரிய உயரம் சுமார் 9 செ.மீ. ஆகும். இதில் ஆங்கிலப் பெரிய எழுத்தின் உண்மையான உயரம் ஏறத்தாழ 6 செ.மீ. இருக்கும். 20 மீட்டர் தொலைவில் கடைசி வரிசையில் அமர்ந்தவருக்கு இது 10 கலைக்குச் சற்று மேற்பட்ட கோணத்தை அமைக்கும். 12 புள்ளி எழுத்தோ 5 கலையை ஒட்டியே நிற்கும். அதாவது நல்ல பார்வை உடையவரும் கண்ணைச் சுருக்கியே படிக்க முடியும். 6/12 பார்வை உடையவர் படிக்கவே இயலாது. தமிழ் எழுத்துகளில் சுழிகளும் வளைவுகளும் மிகுதியாதலால் அவற்றை இன்னும் பெரிதாக இடுவது நன்று.

நிறம்

ஐரோப்பிய வழித்தோன்றல்களில் ஆண்களுள் சுமார் 8 விழுக்காட்டினருக்குச் சிவப்பு, பச்சை நிறங்களை வேறுபடுத்துவதில் குறைபாடு உள்ளது. பெண்களிடையே இது சுமார் 0.5 விழுக்காடே. எனவே சிகிச்சைக் குழுவைப் பச்சையிலும் ஒப்பீட்டுக் குழுவைச் சிவப்பிலும் வரைந்தால், பெரிய அவையில் சிலருக்கேனும் இரண்டும் ஒன்றுபோல் தெரியும். நீலமும் செம்மஞ்சளும் பெரும்பாலோருக்கு வேறுபட்டுத் தெரிபவை. நிறத்துடன் முழுக்கோடு, புள்ளிக்கோடு என்ற வேறுபாட்டையும் சேர்த்தால், பக்கம் கறுப்பு வெள்ளையில் அச்சிடப்பட்டாலும் பொருள் கெடாது.

எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையில் ஒளி வேறுபாடு போதுமான அளவு இருக்க வேண்டும். இணையப் பக்கங்களுக்கான அணுகுதகைமை நெறிமுறை, இயல்பான எழுத்துக்கு 4.5க்கு 1 என்ற விகிதத்தையும் பெரிய எழுத்துக்கு 3க்கு 1 என்ற விகிதத்தையும் குறைந்த அளவாகக் கொள்கிறது. கணினித் திரையில் தெளிவாகத் தெரியும் மெல்லிய சாம்பல் எழுத்து, விளக்குகள் எரியும் அரங்கில் மறைந்துவிடலாம். ஊடுகதிர்ப் படங்களுக்கும் சி.டி. படங்களுக்கும் கறுப்புப் பின்னணி ஏற்றது. வெண்மைப் பின்னணியின் ஒளி, படத்தின் மங்கலான பகுதிகளைக் காணவொட்டாமல் செய்யும்.

நோயாளரின் அந்தரங்கம்

படவில்லையில் உள்ள பிழைகளுள் திருத்த இயலாதது நோயாளரின் அடையாளம் வெளியாதல் ஆகும். அரங்கில் கைபேசியால் எடுக்கப்படும் ஒளிப்படமும், மாநாட்டுத் தளத்தில் ஏற்றப்படும் கோப்பும் பின்னர் உரையாளரின் கட்டுப்பாட்டில் இருப்பதில்லை.

ஒளிப்படத்தில் கண்களைக் கறுப்புப் பட்டையால் மறைப்பது நெடுநாள் வழக்கம். அது அடையாளத்தைக் காக்கப் போதாது என்பது மருத்துவ இதழாசிரியர்களின் பன்னாட்டுக் குழுவின் நிலைப்பாடு. அமெரிக்காவில் 1996இல் இயற்றப்பட்ட ஹிப்பா சட்டத்தின் கீழமைந்த விதிகளில், அடையாளம் நீக்கும் முறைகளுள் ஒன்று 18 வகை அடையாளங்களை அகற்றக் கோருகிறது. பெயர், மருத்துவப் பதிவெண், முழுமுக ஒளிப்படம் ஆகியவற்றுடன் அனுமதித் தேதி போன்ற நாட்களும் அவற்றுள் அடங்கும். இந்திய மருத்துவக் கழகத்தின் 2002ஆம் ஆண்டு ஒழுக்க விதிகள், அடையாளம் தெரியும் வகையில் நோயாளரின் ஒளிப்படத்தையோ நோய் விபரத்தையோ அவரது அனுமதியின்றி இதழ்களில் வெளியிடுவதைத் தடைசெய்தன. இந்தியாவில் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் இயற்றப்பட்டது.

கண்ணுக்குத் தெரியாமல் கோப்பினுள் தங்கிவிடும் விபரங்கள் தனிக் கவனத்துக்குரியவை.

• பவர்பாயிண்டில் படத்தின் ஓரத்தை வெட்டினால் வெட்டிய பகுதி மறைக்கப்படுகிறதே தவிர அழிவதில்லை. கோப்பைப் பெறும் எவரும் அதனை மீட்டுக் காணலாம். வெட்டிய பகுதிகளை நீக்கும் தெரிவைத் தனியே இயக்க வேண்டும்.
• பெயரின்மேல் வரைந்த கறுப்புக் கட்டத்தை நகர்த்தினால் அடியிலுள்ள பெயர் தெரியும்.
• எக்செல் விரிதாளிலிருந்து வரைபடத்தை உட்பொதித்து ஒட்டும்போது, நோயாளர் பட்டியல் உட்பட முழு விரிதாளும் கோப்பினுள் வந்துவிடக்கூடும். வரைபடத்தைப் படமாக ஒட்டுவது பாதுகாப்பானது.
• மீயொலிப் படங்களில் நோயாளர் பெயரும் நாளும் படத்தின் பகுதியாகவே பதிந்திருப்பதுண்டு. டைகாம் வடிவக் கோப்புகளில் இவ்விபரங்கள் தலைப்புத் தரவிலும் இருக்கும்.
• உரையாளர் குறிப்புப் பகுதியில் எழுதியவை கோப்புடனேயே செல்லும்.

அரிய நோயாயின், பெயரே இல்லாமல் ஊர், வயது, தொழில் ஆகிய மூன்றாலேயே ஒருவரை அடையாளம் காண இயலும். முகமோ அரிய விபரமோ உரைக்கு இன்றியமையாததாயின் எழுத்துமூல ஒப்புதல் பெறப்படுகிறது. ஒப்புதலில், மாநாட்டில் காட்டுதல், இணையத்தில் ஏற்றுதல் ஆகிய இரண்டும் தனித்தனியே குறிக்கப்படுதல் நன்று.

நலமுரண் அறிவிப்பு

உரையாளருக்கு மருந்து நிறுவனங்களுடனும் கருவி நிறுவனங்களுடனும் உள்ள பொருளாதாரத் தொடர்புகளைத் தொடக்கப் படவில்லையில் அறிவிப்பது பரவலான நடைமுறை. அமெரிக்காவில் தொடர் மருத்துவக் கல்விக்கு ஏற்பளிக்கும் அமைப்பு 2020இல் வெளியிட்ட நெறிகள், முந்தைய 24 மாதத் தொடர்புகளை வெளிப்படுத்துமாறு கோருகின்றன. ஒரு விநாடியில் கடந்துசெல்லும் நெருக்கமான பட்டியல் அறிவிப்பாகாது. அவ்வுரையின் பொருளுடன் தொடர்புடைய நிறுவனங்களைத் தனியே காட்டி, வாயாலும் கூறுவதே அறிவிப்பின் நோக்கத்தை நிறைவேற்றும். பிறரது ஆய்வை எடுத்துக்காட்டும்போது அதற்கு நிதியளித்தவரைக் குறிப்பிடுவதும் பயனுள்ளது. எடுத்துக்காட்டாக, மேலே கூறிய சிம்வாஸ்டாட்டின் ஆய்வுக்கு அம்மருந்தைத் தயாரித்த மெர்க் நிறுவனம் நிதியளித்தது.

நேரமும் ஒழுங்கும்

மாநாடுகளில் ஆய்வுரைகளுக்குப் பெரும்பாலும் 10 நிமிடங்கள் அல்லது அதற்கும் குறைவான நேரமே ஒதுக்கப்படுகிறது. நிமிடத்திற்கு ஒரு படவில்லை என்பது தோராயமான கணக்கு. 8 நிமிட ஆய்வுரை ஒன்று பின்வருமாறு அமையலாம்.

• தலைப்பும் நலமுரண் அறிவிப்பும்: 1 படவில்லை
• விடை தேடப்படும் வினா: 1 படவில்லை
• யாரிடம், எவ்வாறு ஆய்வு நடந்தது: 2 படவில்லைகள்
• முதன்மை முடிவும் துணை முடிவும்: 2 படவில்லைகள்
• ஆய்வின் குறைகள்: 1 படவில்லை
• முடிவுரை: 1 படவில்லை

குறைகளைக் கூறும் படவில்லை நேரமின்மையால் முதலில் கைவிடப்படுவது. ஆனால் முடிவு யாருக்குப் பொருந்தும், யாருக்குப் பொருந்தாது என்பதை அதுவே தெரிவிக்கிறது. சிம்வாஸ்டாட்டின் ஆய்வில் பங்கேற்றோர் 35 முதல் 70 வயது வரையானவர்கள். பெண்கள் ஐந்தில் ஒரு பங்கினர்க்கும் குறைவு. இவ்விபரம் இல்லாமல், 80 வயது நோயாளருக்கு இம்முடிவு பொருந்துமா என்ற வினாவை அவையோர் எழுப்பவே இயலாது.

இறுதியில் "நன்றி" என்ற பக்கத்தை வைப்பதைவிட முடிவுரைப் பக்கத்தையே திரையில் விட்டுவைத்தல் பயனுடையது. வினா-விடை நேரம் முழுவதும் முதன்மை முடிவு அவையோரின் கண்முன் இருக்கும். எதிர்பார்க்கப்படும் வினாக்களுக்கான கூடுதல் அட்டவணைகளை முடிவுரைக்குப் பின்னே மறைவாக வைத்துக்கொள்வதும் உண்டு.

அரங்கில் கவனிக்க வேண்டியவை

உரையாளரின் கணினியில் உள்ள எழுத்துரு அரங்கின் கணினியில் இல்லையெனில் மென்பொருள் வேறு எழுத்துருவை இடும். அப்போது வரிகள் உடைந்து படத்தின்மேல் ஏறும். ஒருங்குறிக்கு முந்தைய குறியாக்கங்களில் தட்டச்சிட்ட தமிழ் எழுத்துகள் பொருளற்ற குறிகளாகவே மாறிவிடும். எழுத்துருவைக் கோப்பில் பொதிவதும், ஒருங்குறியைப் பயன்படுத்துவதும், பி.டி.எஃப் படி ஒன்றை உடன் வைத்திருப்பதும் இதற்குத் தீர்வுகளாகும். அசைபடக் காட்சிகள் பி.டி.எஃப் வடிவில் இயங்குவதில்லை என்பதால் அவற்றைத் தனிக் கோப்பாகவும் கொண்டுசெல்ல வேண்டும்.

திரையின் நீள அகல விகிதம் பழைய கருவிகளில் 4க்கு 3 ஆகவும், புதியவற்றில் 16க்கு 9 ஆகவும் உள்ளது. மாநாட்டு அமைப்பாளரிடம் இதனை முன்னரே கேட்டறிவது வழக்கம். ஒளிரும் திரைகளில் லேசர் சுட்டியின் புள்ளி தெளிவாகத் தெரிவதில்லை. பல திரைகள் உள்ள அரங்கில் ஒன்றில் மட்டுமே தெரியும். இணையவழி காண்போருக்குத் தெரிவதே இல்லை. இவ்விடங்களில் கணினிச் சுட்டியோ, படவில்லையிலேயே வரைந்த அம்புக்குறியோ ஏற்றது.

விமர்சனங்கள்

படவில்லைகளின் புள்ளிப் பட்டியல் நடையைக் கடுமையாக விமர்சித்தவருள் அமெரிக்கப் புள்ளியியலாளர் எட்வர்டு டஃப்டி குறிப்பிடத்தக்கவர். 2003 பெப்ரவரி 1 அன்று கொலம்பியா விண்ணோடம் சிதைந்து ஏழு விண்வெளி வீரர்கள் இறந்தனர். அதற்கு முன்னர், விண்ணோடம் பறந்துகொண்டிருந்தபோது, அதன் இறக்கையில் நுரைத்துண்டு மோதியதன் விளைவைப் பொறியாளர்கள் படவில்லைகளில் விளக்கியிருந்தனர். அவற்றுள் ஒன்றை டஃப்டி ஆராய்ந்தார். அதன் தலைப்பு நம்பிக்கையூட்டும் தொனியில் அமைந்திருந்தது. மோதிய துண்டின் பருமன் சோதனைகளில் பயன்படுத்தப்பட்ட துண்டைப்போல் 640 மடங்கு என்பதை உணர்த்தும் எண்களோ, பட்டியலின் கடைசி அடுக்கில் சிறிய எழுத்தில் கிடந்தன. 2003 ஆகஸ்டில் வெளியான விபத்து விசாரணைக் குழுவின் அறிக்கையும், தொழில்நுட்ப அறிக்கைகளுக்கு மாற்றாகப் படவில்லைகளைப் பயன்படுத்தும் வழக்கத்தைக் குறைகூறியது.

படவில்லை முழு ஆய்வறிக்கைக்கு ஈடாகாது என்பதே இவ்விமர்சனத்தின் சாரம். மருத்துவ மாநாடுகளில் காட்டப்படும் முடிவுகள் பல நேரங்களில் இதழில் வெளியாகாத தொடக்கநிலை முடிவுகளாக இருப்பதால் இது மருத்துவத்திற்கும் பொருந்தும். முறைகளும் விரிவான அட்டவணைகளும் கொண்ட ஒரு தாளைத் தனியே வழங்கி, படவில்லையை அதற்கு வழிகாட்டியாகக் கொள்வது டஃப்டி பரிந்துரைத்த மாற்று ஆகும்.